முதுகில்லாத அம்மன்

என் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டவுன் பஸ்ஸில் நான் காசு நீட்டும்போது கண்டக்டர் ஒரு கணம் திடுக்கிடுவார். பிறகு, திடுக்கிட்டுவிட்டோமே என்று என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழிப்பார். படிக்கிறவர்களும் நடுவில் அப்படித் திடுக்கிட வேண்டாம்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகட்டை அச்சின் மேல் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மெஷின் இறங்கி வெட்டும். ஒரு நாள் கையை எடுப்பதற்கு முன்பே இறங்கிவிட்டது. தப்பு மெஷினுடையதா என்னுடையதா என்று கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது சத்தம்தான். தகட்டை வெட்டும்போது தினமும் கேட்கும் அதே சத்தம். கொஞ்சம்கூட மாறவில்லை. என் விரல்களுக்கென்று தனியாக ஒரு சத்தம் வந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் ஆறவில்லை எனக்கு.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள். "உனக்கு ஒண்ணும் கொறைஞ்சிடல." லைன் சூப்பர்வைசர் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த என் அண்ணன், "பெருவிரல் தப்பிச்சுச்சுல்ல, பெறகென்ன? ஒனக்கு ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் அழுதுவிட்டு வந்தான். ஒன்றும் குறையவில்லை என்றால் கட்டுக்குள்ளே துடிப்பது என்னடா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அதன் பிறகு யாரிடமும் வலியைப் பற்றி நான் பேசியதில்லை. மத்திகிரியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில் மார்கழிக் குளிர் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது இல்லாத சுண்டு விரலின் நகக்கண் கடுக்கும். இல்லாத இடத்தில் எப்படித் தைலம் தேய்ப்பது? "வலியெல்லாம் போயிடுச்சுல்ல?" என்று கேட்பார்கள். ஆமாம் சொல்ல வேண்டும் என்றுதான் அப்படிக் கேட்பார்கள். நானும் போயிடுச்சு என்று சொல்லி வைப்பேன்.

என் கணவரும் அப்படித்தான் கேட்பார். அவர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. அவருடைய உலகத்தில் எங்கே இடைவெளி தெரிந்தாலும் அதற்கு ஒரு சிம் இருக்கிறது. சிம் என்றால் செல்போன் சிம் இல்லை. மெஷினில் இரண்டு பாகத்துக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அதை அடைக்க மெல்லிய தகட்டைச் செருகுவார்கள், அது. எங்கள் வீட்டில் கட்டில் ஆடினால் சிம், பீரோக் கதவு சாத்தவில்லை என்றால் சிம். எனக்கும் அவர் அம்மாவுக்கும் ஒத்துப்போகாமல் இருந்த நாட்களில் அவரே நடுவில் சிம்மாக நுழைந்து நசுங்கினார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் கொஞ்சம் தடித்தார்.

விபத்துக்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. நடந்து போகும்போது எப்போதும் என் இடப்பக்கம் வந்துவிடுவார். சாலையைக் கடக்க இடது கையைத்தான் பிடிப்பார். படுக்கையில்கூடப் பக்கம் மாறிக்கொண்டார். காத்துக்காக என்றார். அந்த இரண்டு மொட்டை விரல்களை அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் இதைக் கூடவா கவனிக்க மாட்டாள்?

அவருடைய சொந்த ஊர் வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம். ஆந்திரா கூப்பிடு தூரம், கர்நாடகா அதைவிடப் பக்கம். அவருடைய அண்ணன்தான் அங்கே மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் மனைவி ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரப் பெண். நான் அவளை அக்கா என்பேன். வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வந்து போகும். என்னுடைய தெற்கத்தித் தமிழைக் கேட்டால் மட்டும் அவர்களுக்குச் சிரிப்பு வரும். "வாறீக, போறீக" என்று எனக்கே பழிப்புக் காட்டுவார்கள்.

தோப்பை ஒட்டி ஒரு பெரிய பாறை. இரண்டு ஆள் உயரம், வீடு அகலம். அதுதான் அவர்கள் குலதெய்வம், பாறையம்மா. கண் கிடையாது, மூக்கு கிடையாது, யாரும் செதுக்கியதும் கிடையாது. பாறையின் பின்னால் அடியில் ஒரு சுனை. கோடையில் ஊர்க் கிணறெல்லாம் வற்றினாலும் அது வற்றாது என்பார்கள். பாறை உச்சியில் வெடிப்புக்குள்ளிருந்து ஒரு இச்சி மரம் வளர்ந்து நிழல் பரப்பியிருக்கும். மண்ணே இல்லாத இடத்தில் மரம் எப்படி என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அவ பூரணம், எடுக்க எடுக்கக் குறையாதவள், அவளிடமிருந்து எது வேண்டுமானாலும் வரும் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊரில் சாமிக்கு மண் பீடம்தான். மழையில் கரையும், நாங்கள் மறுபடி பூசுவோம். கரையாத சாமியை இங்கேதான் பார்த்தேன்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, மாங்காய் பிடிக்கும் காலத்தில், பாறையம்மாவுக்குப் பொங்கல் வைப்பார்கள். காவிக்கல்லை அரைத்து, மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெயில் குழைத்துச் சாந்து வைத்திருப்பார்கள். புதிதாக வந்த மருமகள் அதில் வலது கையை முக்கிப் பாறையின் முகத்தில் பதிக்க வேண்டும். ஐந்து விரலும் பதிய வேண்டும். பழைய மருமகள்களின் கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அந்த முகத்தில் இருக்கின்றன. எண்ணெயும் காவியும் ஏறி ஏறி, பாறையே அங்கு கறுத்து வழவழவென்று இருக்கும்.

கை வைத்தால்தான் அந்த வீட்டு மருமகள். கை வைக்காதவளின் பொங்கல் பானை வரிசையில் வராது, ஓரமாகத் தனி அடுப்புதான். என் பானை கல்யாணம் ஆனதிலிருந்து ஓரமாகத்தான் பொங்குகிறது. முதல் வருடம் எனக்கு மாதவிலக்கு. அடுத்து மாமியார் தவறிப்போய் வீடே தீட்டு. அப்புறம் கொரோனா வந்து பொங்கலே நின்றது. அதற்கப்புறம் விபத்து. சாமிக்கும் எனக்கும் நடுவில் வருடா வருடம் எதையாவது கொண்டுவந்து நிறுத்தினால் மனுஷி என்ன செய்வாள்?

இந்த வருடம் கட்டும் பிரிந்து, புண்ணும் ஆறி, நான் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வேலைக்கும் திரும்பிவிட்டேன். இந்தத் தடவை கை வைத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். விரல் போன பிறகு அந்த ஆசை கூடித்தான் இருந்தது. எங்கேயாவது ஓர் இடத்தில், நீ இங்கே சேர்ந்தவள்தான் என்று யாராவது சொல்லவேண்டும் போலிருந்தது.

அவருடைய அண்ணனிடமிருந்து போன் வந்தது. என் கணவர் ஸ்பீக்கரில் போட்டார். நான் கேட்டுக்கொண்டிருப்பது அண்ணனுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

"டேய், இந்த வருஷம் உங்க அண்ணியே உன் பொண்டாட்டிக்கும் சேத்து கை வெச்சிடட்டும்."

"ஏன்ணா?"

"இன்னாடா ஏன்ணா? ஒடைஞ்ச தேங்காய சாமிக்கு வெப்பியா? நொறுங்கின அரிசில அட்சதை போடுவியா? இலைகூட நுனி கிழியாம பாத்துதான போடறோம். அம்மா பூரணம்டா. பூரணத்துக்குப் பூரணமாத்தான் வெக்கணும். உன் பொண்டாட்டி மேல எனக்கு இன்னாடா கோவம், பாவம் அது."

பாவம் அது. அரிசி களைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்றும் குறையவில்லை என்று எனக்குச் சொன்னவர்களில் இவரும் ஒருவர். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னார். அப்போது சொன்னது எனக்கு ஆறுதல், இப்போது சொல்வது சாமிக்கு நியாயம். எனக்கு ஒரு கணக்கு, சாமிக்கு ஒரு கணக்கா?

என் கணவர் போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தார். "சரிண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். எங்கோ ஓர் இடைவெளியை அளந்துவிட்டார் என்று அர்த்தம். அண்ணனிடம் பேசி வழிக்குக் கொண்டுவரப்போகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பொங்கல் அன்று காலையிலேயே பைக்கில் கிளம்பினோம். சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளியில் நிறுத்திப் பூவும் வெற்றிலையும் வாங்கினோம். அவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என்ன வைத்திருக்கிறீர்கள் என்றேன். "சர்ப்ரைஸ்" என்றார். எனக்கு வளையல் வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். மண்டு நான்.

தோப்பில் இறங்கும்போதே பாறையம்மா தெரிந்தாள். நல்ல அலங்காரம். மஞ்சள் துணி சுற்றி, இருபக்கமும் வாழைமரம் கட்டி, தென்னங்கீற்றில் பந்தல் போட்டிருந்தார்கள். வழக்கமாக இவ்வளவு ஆடம்பரம் இருக்காது. பக்கவாட்டில்கூடத் துணித் தட்டி கட்டியிருந்தது. அண்ணனுக்கு இந்த வருடம் மாங்காய் நன்றாகப் பிடித்திருக்கிறது போல என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுப்பு வரிசையில் அக்காவின் பானையும் பங்காளி வீட்டுப் பானைகளும் இருந்தன. ஓரத்தில் எனக்கு மூன்று கல் வைத்திருந்தார்கள். குடத்தை எடுத்தேன். பொங்கல் தண்ணீர் சுனையிலிருந்துதான் எடுக்கவேண்டும், அது மருமகள்களின் வேலை. அக்கா ஓடி வந்து குடத்தைப் பிடித்தாள்.

"பேடா கண்ணு, பேடா. போவாத. அங்க டிரம்ல தண்ணி ரொப்பி வெச்சிருக்கேன், அதுல எடுத்துக்க."

பேடா என்றால் வேண்டாம். டிரம் தண்ணீரில் எப்போது பொங்கல் வைத்தோம் என்று எனக்குப் புரியவில்லை. "சுனை இருக்கைல டிரம் எதுக்குக்கா?" என்று குடத்தை இழுத்துக்கொண்டு துணித் தட்டியை விலக்கிப் பின்னால் போனேன்.

பின்னால் பாறை இல்லை.

எப்படிச் சொல்வது? முன்னாலிருந்து பார்த்தால் முழு அம்மன். பின்னால் ஒன்றுமே இல்லை. பன் ரொட்டியைக் கத்தியால் பாதியாக அறுத்தது போல, மேலிருந்து கீழே ஒரே செங்குத்து. வெட்டிய முகம் வெள்ளை வெளேரென்று பளபளத்தது. அதில் டிரில் இறங்கிய தடங்கள் வரிசையாகக் கோடு கோடாக இருந்தன. அதற்கு அப்பால் பெரிய பள்ளம், பள்ளத்துக்குள் லாரி போகும் பாதை, மறுபக்கம் நம்பர் எழுதி அடுக்கிய கருங்கல் கட்டைகள். சுனை இருந்த இடத்தில் கல்தூள் சேறு. மேலே இச்சி மரத்தின் வேர்கள் பாதி பாறையில் இருக்க, மீதி பாதி அந்தரத்தில் தொங்கின. அந்த வேரோடு அந்த மரம் துளிர் விட்டிருந்தது, அதுவும் செக்கச்செவேலென்று.

குடத்தை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. என்னுடைய மொட்டை விரல்கள் இரண்டும் தீப்பிடித்தது போல எரிந்தன. கல்லை வெட்டியதற்கு எனக்கு ஏன் எரிய வேண்டும்? எரிந்தது, அவ்வளவுதான். யாரோ என் பின்னால் வந்து நின்றார்கள். அண்ணன். அவருக்குப் பின்னால் என் கணவர்.

"மாமா, என்ன மாமா இது? யாரு வெட்டுனது?"

"கத்தாதம்மா. குவாரிக்காரங்க கேட்டாங்க, உட்டேன். நம்ம பட்டா நெலம்தான, நாம இன்னா திருட்டா பண்ணிட்டோம்? மொகத்த தொடக்கூடாதுன்னு சொல்லித்தான் உட்டேன். பின்பக்கம் மட்டும்தான்."

"சாமி மாமா அது. சாமிய வெட்டி லாரில ஏத்தியிருக்கீக."

அவர் கோபப்படவில்லை. ரொம்பப் பொறுமையாக, விவரம் தெரியாதவளுக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "அவளுக்கு இன்னாம்மா கொறையப் போவுது? அவ பூரணம். எடுக்க எடுக்கக் கொறையாதவ. பாதி எடுத்தாலும் மீதி நிக்கறது முழு அம்மாதான். மேல மரத்தப் பாரு, துளுத்து நிக்குதா இல்லியா? அதான் சக்தி. நாம எடுத்து அது தீரவா போவுது?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பாறையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. "ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"போன மாசமே அண்ணன் சொன்னார்ப்பா. நீ வருத்தப்படுவன்னுதான்..."

அலங்காரம், வாழைமரம், துணித் தட்டி எல்லாம் எனக்காகத்தான். ஊருக்கே தெரியும். வெடிச்சத்தம் கேட்டிருக்கும், லாரி போயிருக்கும். தெரியாதவள் நான் ஒருத்திதான். என்னை முன்னால் மட்டும் நிற்கவைத்து, கன்னத்தில் போட்டுக்கொள்ளச் செய்து, மத்திகிரிக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று இரண்டு பேரும் பேசிவைத்திருக்கிறார்கள்.

நான் சத்தம் போடத்தான் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவசரமாக என்னை வாழைமரத்து நிழலுக்கு இழுத்துப்போனார். அப்போதும் இடது கையைப் பிடித்துத்தான் இழுத்தார். "இருப்பா இருப்பா. கை வெக்கற விஷயத்துக்கு நான் வழி பண்ணிட்டேன். அண்ணன் ஒத்துக்கிட்டார். இதப் பாரு" என்று சட்டைப் பையிலிருந்து சர்ப்ரைஸை எடுத்தார்.

கம்பெனிக் கையுறை. நாங்கள் எண்ணெய் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீல நிற ரப்பர் உறை. வலது கை. அதில் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் உள்ளே எதையோ அடைத்து, விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தன.

"காட்டன் வேஸ்ட் உருட்டி வெச்சிருக்கேன். நீ ஞாயித்துக்கெழமை மத்தியானம் தூங்கறப்ப உன் எடது கை வெரல வெர்னியர்ல அளந்துட்டேன். கரெக்ட் சைஸ். வீட்ல மஞ்சள்ல முக்கி பேப்பர்ல டிரையல் எடுத்துப் பாத்தேன்ப்பா. அஞ்சு வெரலும் அச்சா வருது. பந்தலுக்குள்ள நாம ரெண்டு பேரும் அண்ணனும் மட்டும்தான். யாருக்கும் தெரியாது."

அவர் முகத்தில் பெருமை. வெகுநாள் ஓடாத மெஷினை ஓடவைத்துவிட்ட பெருமை. அடிக்க வந்தவனைப் பார்த்தாலும் நான் அப்படி மிரண்டிருக்க மாட்டேன். என்னை வெறுக்கிற ஒருவர் இதைச் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவர் எனக்காக உட்கார்ந்து, என் விரலை அளந்து, பஞ்சை உருட்டி, டிரையல் பார்த்து, சந்தோஷமாக எடுத்துவந்திருக்கிறார். இவருடைய கண்ணுக்கு நான் இரண்டு விரல் அளவு இடைவெளி. அதற்கு ஒரு சிம் கிடைத்துவிட்டது.

"இத சாமி ஒத்துக்குமா?" என்றேன்.

"அச்சு வந்தா போதும்னு அண்ணன் சொல்லிட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்ததால் என்ன சத்தம் என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம் வெளியே வந்தது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சு வைத்த கை பூரணம். பாதி போன பாறை பூரணம். உயிரோடு நிற்கிற நான் மட்டும் பின்னம்! எடுக்க எடுக்கக் குறையாது, எடுக்க எடுக்கக் குறையாது என்று சொல்கிறார்களே, அதைச் சொன்னது ஒரு தடவையாவது எடுத்துக் கொடுத்தவளா? எடுக்கிறவர்கள்தானே சொல்கிறார்கள். குறையாதவள் என்றால் வலிக்காதவள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா என்று தெரியாது. சொன்னதாகத்தான் அக்கா பிறகு சொன்னாள். எனக்குத் தெரிந்தது, பந்தலுக்குள் நுழைந்து சாந்துக் கிண்ணத்தை எடுத்ததுதான். அக்காதான் அதை வைத்திருந்தாள், அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் தடுக்கவில்லை. கறுத்து வழவழவென்றிருந்த முகத்துப் பக்கம் நான் போகவில்லை. துணித் தட்டியைப் பிய்த்துத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் போனேன். கையை மணிக்கட்டு வரை சாந்தில் முக்கி, அந்த வெட்டுப்பட்ட வெள்ளைக் கல்லில், டிரில் தடத்துக்குப் பக்கத்தில், பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். கல் சூடாக இருந்தது. சொரசொரப்பு அந்த மொட்டை நுனிகளில் குத்தியது. வலியில் கண் இருட்டியது. கையை எடுக்கவில்லை.

எடுத்தபோது மூன்று விரலும் இரண்டு குட்டையும் பதிந்திருந்தன.

"இது செல்லாது" என்றார் அண்ணன். இப்போது அவருக்குப் பொறுமை போயிருந்தது. டிரம்மிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினார். விளக்கெண்ணெய்ச் சாந்தின் மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தார். முன்பக்கமாக இருந்திருந்தால் வழவழப்பில் வழித்துப் போட்டிருக்கலாம். இது போன மாதம்தான் வெளிச்சம் கண்ட கல், ஒவ்வொரு துளையிலும் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு உள்ளே இறங்கியது. அவருக்கு மூச்சு வாங்கியது. வேட்டியெல்லாம் காவி. எல்லோரும் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் பானை வரிசைல வராது, சொல்லிட்டேன்" என்றார் என்னைப் பார்த்து.

அக்கா திரும்பிப் போனாள். ஓரத்திலிருந்த என் பானையைத் தூக்கி, வரிசையில் தன் பானையை நகர்த்திவிட்டு அதன் இடத்தில் வைத்தாள். பிறகு விறகைத் தள்ளிவிட்டு ஊதினாள். அண்ணன் மறுபடி நாரை எடுத்தார்.

"போதும்ணா."

என் கணவர்தான். அண்ணனிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நாரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டார். அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார், ஏதோ தெலுங்கில் முணுமுணுத்தார், குடத்தை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் பொங்கல் அடிப்பிடிக்கிறது என்று கலைந்தார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் பாறைக்குப் பின்னால் நின்றோம். அவர் அந்தக் கைத்தடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையிலிருந்து அந்தக் கையுறையை எடுத்தார். நான் எட்டிப் பிடுங்கப் போனேன், பள்ளத்தில் எறிய. அவர் தரவில்லை. அடைத்த இரண்டு விரல்களின் நுனியைப் பல்லால் கிழித்து, உள்ளேயிருந்த காட்டன் வேஸ்ட்டை உருவி எடுத்தார். கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்தால் எண்ணெய்க் கையைத் துடைப்பதற்கு வைத்திருக்கும் அதே பஞ்சு.

என் வலப்பக்கம் வந்து நின்றார். என் கையை எடுத்துச் சாந்தைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளங்கையைத் துடைத்தார். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக வந்தார். பிறகு நின்றார். கல்லில் அழுத்தியதில் மொட்டை நுனிகள் இரண்டும் சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. காவிக்குள் அது தெரியவில்லை. துடைத்த பிறகுதான் தெரிந்தது. அவர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு நுனிகளையும் வெறும் விரல்களால் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது" என்றேன். "அன்னைக்கிருந்தே வலிக்குது."